கணக்கப்பிள்ளை எந்தக் காலால் நொண்டினார்?

என்னோடு சேர்ந்து கிழடு தட்டிக்கொண்டிருக்கும் கூட்டாளிகளே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். முட்டிவலி என்று கிளினிக்குக்குப் போனால் டாக்டர் முதலில் என்ன கேட்கிறார்? எந்தக் கால் என்றுதானே. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பாதி ஆயுசை நின்றபடியே கழித்தவள் நான். போன தடவை இடது கால் என்று சொல்லி மருந்து வாங்கி வந்தேன். இந்தத் தடவை வலது என்றேன். அந்த டாக்டருக்கு என் கடைசி மகள் வயதுதான் இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "ஆன்ட்டி, லாஸ்ட் டைம் லெஃப்ட்னு சொன்னீங்களே" என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை. இந்த அம்மாள் நடிக்கிறாளோ என்று ஒரு நொடி யோசிக்கிற பார்வை அது. நான் பதினோரு வயதுப் பெண்ணாக இருந்தபோது, எங்கள் தோட்டமே சேர்ந்து என் மாமாவை அப்படிப் பார்த்தது. அதற்குக் காரணம் ஒரு தொடர்கதை. கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கும் இப்போது சிரிப்புத்தான் வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

எண்பதுகளின் ஆரம்பம். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கும் கோலா சிலாங்கூருக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது எங்கள் தோட்டம். ரப்பரை எல்லாம் வெட்டிச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டு முடித்திருந்தார்கள். ஆண்கள் குலை வெட்டுவார்கள். பெண்கள் மரத்தடியில் குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து உதிரிப்பழம் பொறுக்குவார்கள். மத்தியானம் வேலை முடிந்து வரிசை வீடுகளான லயத்துக்கு வரும்போது எல்லார் கையும் எண்ணெயில் ஊறி மஞ்சளாக இருக்கும். அம்மா எனக்குத் தலை வாரினால் தனியாக எண்ணெய் வைக்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. எங்கள் வரிசையில் தையல் அக்கா என்று ஒருவர் இருந்தார். எல்லாருக்கும் ரவிக்கை தைத்துக் கொடுப்பவர், சரளமாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர். அவர் வீட்டு முன்னால் தகரம் இறக்கிய இடத்தில் உரச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்த பெரிய பாய் ஒன்று விரிப்பார்கள். பாசிர் பெனம்பாங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மீன்காரரிடம் வாங்கிய நெத்திலிக் கருவாட்டை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் முறத்தில் கொட்டிக்கொண்டு வந்து உட்காருவாள். கை நெத்திலிக்குத் தலை கிள்ளும், காது கதை கேட்கும். தையல் அக்கா குரல் மாற்றி மாற்றிப் படிப்பார். கதாநாயகிக்கு மெல்லிய குரல், ஜமீன்தாருக்குக் கட்டைக் குரல், மழை பெய்தால் அதற்கும் ஒரு குரல். இன்றைக்கும் எங்காவது நெத்திலி வறுத்தால் எனக்கு ஒரு பங்களாவும் அதன் மாடிப்படியும்தான் ஞாபகம் வரும்.

தொடர்கதை வந்த வாரப் பத்திரிகை இந்தியாவிலிருந்து கப்பலில் வரும். டவுன் கடைக்கு வந்து சேர்வதற்குள் பழசாகிவிடும், சில சமயம் மூன்று நான்கு இதழ்கள் ஒன்றாக வரும். தையல் அக்கா அவற்றையெல்லாம் தையல் மெஷின் இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவார். அவர் மட்டும் முன்கூட்டியே படித்துக் குரலைப் பழகிக்கொள்வார். மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒரு அத்தியாயம்தான். வாரா வாரம் என்று எழுதினவர் வைத்திருக்கிறார், அதை மீற நாம் யார் என்பது அவர் கட்சி. அடுத்து என்ன ஆகும் என்பது நாலடி தூரத்தில் இழுப்பறைக்குள் கிடக்கும். ஒருத்தியும் தொடமாட்டாள். அந்தக் கட்டுப்பாட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

கதை என்ன கதை? ஒரு பெரிய பங்களா, அதில் பாதி இருட்டு. காணாமல் போன ஒரு வாரிசு. யாரோ ராத்திரியில் வைத்த ஒரு தீ. ஒரு பேரழகி. அந்தப் பேரழகிக்கு முதல் அத்தியாயத்தில் இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருந்தது. குளக்கரைக்கு வந்தபோது அது வலது கன்னத்துக்குப் போயிருந்தது. காய்ச்சலில் படுத்த வாரம் மோவாயில் இருந்தது. முதலில் கண்டுபிடித்தவர் என் அம்மா. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனாலேயே காதில் விழுந்த எதையும் அவர் தவறவிட்டதில்லை. அந்தக் காய்ச்சலில் கதாநாயகிக்கு முடியெல்லாம் கொட்டித் தோளோடு நின்றது. அடுத்த வாரமே முழங்கால் வரை தொங்குகிற கூந்தலை மாடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். என்ன எண்ணெய் என்று எழுதினால் நாமும் வாங்கலாமே என்றார், தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோரின் வீட்டம்மா. பாயில் இருந்த அத்தனை பேரும் சிரித்ததில் ஒரு முறம் கவிழ்ந்து நெத்திலியெல்லாம் மண்ணானது.

ஆனால் எழுதினவர் தப்பு செய்துவிட்டார் என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை. மண்டோர் தப்பாகச் சொல்வார், ஆபீஸ் கணக்கைக் கிராணி தப்பாக எழுதுவார், ரேடியோவில் மழை இல்லை என்பார்கள், மழை கொட்டும். அதெல்லாம் பழகினதுதான். கடல் தாண்டி அச்சில் ஏறி வந்த கதையில் தப்பு இருக்கும் என்று நம்ப மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. தையல் அக்கா யோசித்துப் பார்த்து, அது ஒருத்தி அல்ல, இரட்டைப் பிறவிகள், கடைசியில் அந்த மர்மம் உடையும் என்று தீர்ப்புச் சொன்னார். மோவாய் மச்சத்தை எண்ணிப் பார்த்து, மூன்று பேராக இருக்கலாம் என்றார் இன்னொருவர். அதிலிருந்து எங்கள் பெண்கள் கதை கேட்பதை விட்டுவிட்டுத் துப்பறிய ஆரம்பித்தார்கள். யார் கண் என்ன நிறம், யார் என்ன உயரம், எதையும் விடுவதில்லை.

அப்படித்தான் கணக்கப்பிள்ளை மாட்டினார். அவர் அந்தப் பங்களாவின் கணக்கப்பிள்ளை, கைத்தடி ஊன்றி நடக்கிறவர். முதலில் வந்தபோது இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். பிறகு ஒரு வாரம் மாடிப்படி ஏறினார், அப்போது வலது கால் இழுத்தது. அம்மா நெத்திலியைக் கீழே வைத்துவிட்டு, போன தடவை இடது கால் என்றல்லவா படித்தாய் என்று கேட்டார். தையல் அக்கா பழைய இதழை எடுத்துப் புரட்டினார். இடதுதான்.

"நடிக்கிறான்" என்றார் தையல் அக்கா. "நெசமா நொண்டறவனுக்கு எந்தக் காலுன்னு மறந்து போவுமா? நடிக்கிறவனுக்குத்தான் மறக்கும்."

வாரிசைக் கடத்தியது, பங்களாவுக்குத் தீ வைத்தது எல்லாம் அந்த ஆள்தான் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

இந்தக் கதை நடந்துகொண்டிருந்த அதே சமயத்தில்தான் மாமா எங்கள் தோட்டத்துக்குக் குடிவந்தார். அம்மாவுக்கு நேர் அண்ணன். பத்தாங் காலிப் பக்கம் ஒரு தோட்டத்தில் குலை வெட்டிக்கொண்டிருந்தபோது, வெட்டின குலை ஒன்று அவர் முட்டியில் விழுந்துவிட்டது. குலை வெட்ட முடியாதவருக்கு அங்கே வேலை இல்லை. வேலை இல்லாதவருக்குத் தோட்டத்து வீடு கிடையாது, அது உங்களுக்கே தெரியும். அத்தையையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லோரியில் சாமான் ஏற்றி வந்து இறங்கினார். அப்பா கிராணியிடம் நடையாய் நடந்து உர ஸ்டோருக்கு ஜாகாவாக, அதாவது காவல்காரராக, மாமாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். வேலையோடு லயத்துக் கடைசி வீடும் கிடைத்தது.

மாமா எப்படி இருப்பார் என்று எழுதலாம் என்று பார்த்தால், எங்கள் வீட்டிலேயே ஒத்துவரவில்லை. நல்ல உயரம் என்று எனக்கு ஞாபகம். நடுத்தரம்தான் என்கிறாள் தங்கை. மீசை இருந்தது என்று நான் அடித்துச் சொல்வேன். அண்ணன் மீசை வைத்ததே இல்லை என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். இருக்கிற ஒரே போட்டோவில் மாமா உட்கார்ந்திருக்கிறார், முகத்தில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. கூடவே வளர்ந்த நாங்களே இப்படி என்றால், வாரா வாரம் புதிதாக எழுதி அனுப்புகிறவரை எப்படிக் குறை சொல்வது?

பள்ளி விட்டு வந்ததும் நான் உர ஸ்டோருக்கு ஓடிவிடுவேன். வாசலில் மாமா கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அடியில் தகர டப்பா மூடி ஒன்று சொருகியிருக்கும். உள்ளேயிருந்து வருகிற உர வாடையில் கண் எரியும். ஆண்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் கதையில் இடம் இல்லை, அதனால் மாமாவுக்கு நான்தான் கதைசொல்லி. தையல் அக்கா குரல்களையெல்லாம் நானும் போட்டுக் காட்டுவேன். மாமா சிரிக்காமல் கேட்பார், அதுவே எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த வருஷம் எனக்கு ஐந்தாம் வகுப்பு அரசாங்கச் சோதனை. சோதனை நாளன்று காலையில் பள்ளிக்கூட லோரி ஏறப்போகும்போது பென்சில் டப்பாவை மறந்துவிட்டது தெரிந்து வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் லோரி கிளம்பிவிட்டது. நடு ரோட்டில் நின்று அழுதேன். ஸ்டோர் வாசலில் இருந்து மாமா பார்த்தார். கைத்தடியைப் போட்டுவிட்டு ஓடினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, புழுதிக்குள்ளே, லோரி பின்னாலேயே ஓடி அதன் பலகையில் படபடவென்று தட்டி நிறுத்தினார். நான் ஏறினேன். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பாதித் தோட்டம் அதைப் பார்த்தது. முன்னால் நின்று பார்த்தவர் மண்டோர் வீட்டம்மா.

அன்று சாயந்திரம் மாமா வீட்டுக்குள் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. இரண்டு முட்டியும் பலாக்கொட்டை வேகவைத்த மாதிரி வீங்கிப் பளபளவென்று இருந்தன. அத்தை உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா தைலம் தேய்த்தார். மாமா வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு சத்தம் வராமல் இருந்தார். அதற்குப் பிறகு தினமும் விடியுமுன்னே அப்பாவும் அத்தையும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவரை ஸ்டோர் நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். பொழுது சாய்ந்து ரோடு காலியான பிறகு போய்த் தூக்கி வருவார்கள். இரண்டு காலும் போச்சு என்று தெரிந்தால் ஜாகா வேலைக்கும் லாயக்கில்லை என்பார்கள், வெளியே மூச்சு விடக்கூடாது என்று மாமா எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். குனிந்து என்னிடமும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

வலியை மறைத்ததில் வந்த வினையைப் பாருங்கள். வெளியே இருந்தவர்களுக்குத் தெரிந்தது எல்லாம் மாமா ஓடியதுதான். பிறகு, உரம் எடுக்க வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட மாமா நாற்காலியை விட்டு நாலடி வைத்தபோது, மண்டோர் வீட்டம்மாவுக்கு இன்னொன்றும் கண்ணில் பட்டது. வந்த புதிதில் அந்த ஜாகா வலது காலை இழுத்தாரே, இப்போது இடது காலை அல்லவா இழுக்கிறார்? பாயில் உட்கார்ந்து பழகின கண், சும்மா விடுமா? தண்ணீர்க் குழாயடியில் பேச்சு ஆரம்பித்தது. காலையில் ஒரு கால், சாயந்திரம் ஒரு கால் என்றார்கள். கணக்கப்பிள்ளை மாதிரியே என்றார்கள். ஒரு வாரத்தில் மாமாவுக்குக் கணக்கப்பிள்ளை என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும்.

இதில் யாரையும் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அது பழம் அதிகமாக விழுகிற சமயம், மண்டோருக்குக் குலை வெட்ட ஆள் போதவில்லை. நல்ல கால் இருக்கிற ஒருத்தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று வீட்டிலேயே காதில் ஓதினால் அவர் என்ன செய்வார்? அப்பாவைக் கூப்பிட்டு, உன் மச்சான் அடுத்த மாதத்திலிருந்து வெட்டுக்கு வரட்டும், முடியாது என்றால் வீட்டைக் காலி பண்ணச் சொல் என்றார். அப்பா வந்து சொன்னபோது அத்தை அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இரண்டு காலும் போச்சு என்று உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் நடிக்கிறான் என்று வேலை போகும். எந்தப் பக்கம் போனாலும் லோரியில் சாமான் ஏற்ற வேண்டியதுதான். மறுபடியும் அந்தப் பிள்ளைகளை எங்கே கொண்டுபோவது என்று அம்மா அழுதார்.

அந்த வாரக் கடைசியில் தையல் அக்கா எங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார். அவர் முன்வாசல் பக்கம் வராதது எனக்கு விநோதமாக இருந்தது. அம்மாவைத் தனியே கூப்பிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை நீ வராதே என்றார். அடுத்த அத்தியாயத்தை அவர் படித்துவிட்டார். அதில் கதாநாயகி கோபித்துக்கொண்டு குதிரைவண்டியில் ஊரைவிட்டுக் கிளம்புகிறாளாம். கணக்கப்பிள்ளை கைத்தடியை எறிந்துவிட்டு ஓடிப்போய் வண்டியை மறிக்கிறாராம்.

அம்மா, அந்த இடத்தை மட்டும் ஓடினார் என்று படிக்காமல் நடந்தார் என்று படிக்கக்கூடாதா என்று கேட்டார். வேறு யாரும் இதழை எடுத்துப் பார்க்கப்போவதில்லை. தையல் அக்காவுக்குக் கண் கலங்கியது. ஆனால் முடியாது என்றார். அச்சில் இருப்பதை மாற்றிப் படித்தால் பிறகு நான் படிக்கிறதை யார் நம்புவார்கள் என்றார். அவர் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. ஞாயம் இருந்ததால் அம்மாவுக்கு இன்னும் கோபம் வந்தது.

நான் அன்று ஸ்டோருக்குப் போனேன். மாமாவிடம் ஊர்ப்பேச்சைச் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்ன? எனக்குக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. அதனால் கணக்கப்பிள்ளையைப் பற்றிக் கேட்டேன். அந்த ஆளுக்கு ஒரு வாரம் இடது கால் இழுக்கிறது, ஒரு வாரம் வலது கால் இழுக்கிறது, ஏன் மாமா என்றேன்.

மாமா சிரித்தார். வந்த நாளிலிருந்து அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அந்த ஆளுக்கு ரெண்டு முட்டியும் போயிருக்கும்லா. ஒண்ணு வலிச்சா பாரத்த இன்னொண்ணு மேல போடுவாரு. அது பாவம் எவ்வளவு நாளைக்குத்தான் தாங்கும்? அப்பறம் அது வலிக்கும். ரெண்டும் ஷிப்டு போட்டு நொண்டுதுங்க" என்றார்.

தோட்டத்து மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். ஒரு கால் வேலை முடிந்து வீட்டுக்குப் போக, இன்னொரு கால் டிபன் கேரியரோடு உள்ளே வருவதை நினைத்து நானும் சிரித்தேன். அவர் தன்னைப் பற்றித்தான் சொன்னார் என்பது வீட்டுக்கு நடந்து வருகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. இத்தனை பேர் இத்தனை பேசினார்களே, அவரிடம் போய் ஒருவரும் கேட்கவில்லை. பத்திரிகையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா போனார். புடவையை மாற்றிக்கொண்டு, முறத்தில் நெத்திலியோடு, எல்லாருக்கும் முன்னால் போய் நடுவில் உட்கார்ந்தார். நான் அவர் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தேன். தையல் அக்கா அன்றைக்குக் குரல் எதுவும் மாற்றவில்லை. தலை நிமிராமல் ஒரே குரலில் படித்துக்கொண்டு போனார். கணக்கப்பிள்ளை கைத்தடியை எறிந்தார், ஓடினார், வண்டியை மறித்தார். தொடரும்.

எல்லார் கண்ணும் அம்மா மேல் இருந்தது. மண்டோர் வீட்டம்மா நெத்திலித் தலையைக் கிள்ளிக்கொண்டே, நான் சொன்னேன்லா, ஓடிட்டான் பாத்தீங்களா என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

"ஓடுனத எல்லாரும் பாத்தீங்க" என்றார் அம்மா. "எங்கண்ணன் ஓடுனது எம்மவ சோதனைக்குப் போவணும்னு. அப்பறம் அவர விடியமுன்ன ரெண்டு பேரு தூக்கிட்டுப் போயி நாற்காலில வைக்கிறாங்களே, அத யாரு பாத்தீங்க? பொழுது போனப்பறம் போயி தூக்கிட்டு வர்றோமே, அத யாரு பாத்தீங்க? ரெண்டு முட்டியும் போச்சு. வேலைய புடுங்கிடுவாங்கன்னு வெளிய சொல்லல. இப்ப சொல்லிட்டேன். போயி மண்டோருகிட்ட சொல்லுங்க."

அத்தனை பெரியவர்கள் ஒன்றாகத் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு உதவியாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றியது. அம்மா முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்து நின்று, "கணக்கப்பிள்ளைக்கும் ரெண்டு முட்டியும் போச்சாம், ரெண்டும் ஷிப்டு போட்டு நொண்டுதாம், மாமா சொன்னாரு" என்றேன்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார், பிறகு பாய் முழுவதும் பரவியது. அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மண்டோர் வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு, மடக்கியிருந்த காலை மெதுவாக நீட்டினார். அவரும் அந்த மரத்தடியில் வருஷக்கணக்காகக் குந்திப் பழம் பொறுக்குகிறவர்தான்.

"எனக்கும் அப்படித்தான்" என்றார். "காலைல எந்திரிச்சா இது. சாயந்தரம் ஆனா அது. எங்கூட்டுக்காரருகிட்ட சொன்னா, ஏதாச்சும் ஒரு காலச் சொல்லுங்கிறாரு."

அதற்குப் பிறகு கதையைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளாளுக்குக் காலை நீட்டினார்கள். புடவையைத் தூக்கி முட்டியைக் காட்டினார்கள். படியேறினால் வலது, இறங்கினால் இடது என்றார் ஒருவர். மழை வந்தால் இரண்டும் என்றார் இன்னொருவர். தையல் மெஷின் மிதித்து மிதித்துத் தன் கணுக்காலும் இப்படித்தான் என்று தையல் அக்கா பத்திரிகையை மடியில் கவிழ்த்துவிட்டுச் சொன்னார். உரச் சாக்குப் பாய் முழுவதும் மஞ்சள் படிந்த கால்கள். இவர்களில் ஒருத்திகூட அதுவரை ஜாகாவின் காலைத் தன் காலோடு சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை என்பது, இப்போது எழுதும்போதுதான் எனக்கு விளங்குகிறது.

அன்று இரவு மண்டோர் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் மண்டோர் சைக்கிளில் ஸ்டோர் பக்கம் வந்தார், மாமாவைப் பார்த்தார், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் வந்தது, வெட்டுக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. காலி பண்ணு என்றும் சொல்லவில்லை. பிறகு அப்பா ஒரு நாள் ஆபீசில் கேட்டு வந்து சொன்னார். ஜாகா விஷயம் என்ன ஆச்சு என்று கிராணி கேட்டாராம். "உக்காந்த எடத்த விட்டு எந்திரிக்காத ஜாகா வேற எங்க கெடைப்பான்?" என்றாராம் மண்டோர்.

மாமா அந்த நாற்காலியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவர் பிள்ளைகள் அந்தக் கடைசி வீட்டில்தான் வளர்ந்தார்கள், அங்கிருந்துதான் கல்யாணம் செய்துகொண்டு போனார்கள். விடியுமுன்னே திருட்டுத்தனமாகத் தூக்கிப் போகிற வேலையும் நின்றது. வெளிச்சத்திலேயே, யார் தோளையாவது பிடித்துக்கொண்டு நடந்தார். பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. கணக்கப்பிள்ளை என்று கூப்பிட்டால் மாமாவும் என்ன என்று திரும்பிப் பார்ப்பார். லயமும் ஸ்டோரும் இப்போது இல்லை. இரண்டையும் இடித்துவிட்டார்கள்.

தொடர்கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். இரட்டைப் பிறவிகள் யாரும் வரவில்லை. பங்களாவுக்குத் தீ வைத்தது வேறு யாரோ. கணக்கப்பிள்ளை கடைசி அத்தியாயத்தில் மறுபடியும் கைத்தடியோடு வந்து எல்லாரையும் ஆசீர்வாதம் செய்தார். எந்தக் கால் என்று எழுதியிருக்கவில்லை. கதாநாயகியின் மச்சம் இடது கன்னத்துக்கே திரும்பி வந்துவிட்டது. எங்கள் பெண்களுக்கு மகா ஏமாற்றம். இரண்டாம் பாகம் வரும், அதில் மூன்று பேரும் சேர்ந்து வருவார்கள் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

கிளினிக்கில் அந்த டாக்டரிடம் நான் மாமா சொன்னதையே சொன்னேன். ரெண்டும் ஷிப்டு போட்டு நொண்டுது டாக்டர் என்றேன். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்து என் இரண்டு முட்டியையும் தொட்டுப் பார்த்தார். எனக்கு அதுவே பாதி குணமான மாதிரி இருந்தது.

அந்தக் கதையை எழுதினவர் காலை மறந்து எழுதினாரா, இல்லை அவருக்கும் இரண்டு முட்டியும் போயிருந்ததா, எனக்குத் தெரியாது. இடது என்று எழுதியதையும் வலது என்று எழுதியதையும் நான் முழுமனசோடு ஒப்புக்கொள்கிறேன். ஓடினார் என்று எழுதியதையும் ஒப்புக்கொள்கிறேன், எனக்காக ஒருவர் அப்படி ஓடியிருக்கிறார். ஆனால் ஓடின அன்று சாயந்திரம் கணக்கப்பிள்ளைக்கு உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தது யார் என்று மட்டும் அவர் எழுதாமல் விட்டுவிட்டார்.